எர்த் அடிக்காது, மாப்ள!

உலகத்தில் சிலர் கடவுளை நம்புகிறார்கள், சிலர் ஜோசியரை நம்புகிறார்கள், என்னைப் போலச் சிலர் மைத்துனனை நம்பி மோசம் போகிறார்கள். எர்த்தை மட்டுமே நம்பி வாழ்ந்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் காம்பவுண்டு டெஸ்டர் மாமாதான். எர்த் என்றால் நாம் நிற்கிற பூமி என்று நினைத்துவிடாதீர்கள். பிளக்கில் மூன்றாவதாக, மற்ற இரண்டையும்விடத் தடியாக ஒரு முள் இருக்குமே, அதிலிருந்து பச்சை ஒயர் வழியாக ஓடி மண்ணுக்குள் போய் முடிகிறதே, அந்த எர்த்.

அப்போது நான் மருந்து கம்பெனி ரெப். கழுத்தில் டை, கையில் தோல் பை, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் பைக்கில் புழுதி குடிக்கிற உத்தியோகம். மஞ்சக்குப்பத்தில் ஒரு காம்பவுண்டில் குடியிருந்தேன். கீழே நான்கு போர்ஷன், மாடியில் ஹவுஸ் ஓனர். முதல் போர்ஷனில் டெஸ்டர் மாமா தனியாக இருந்தார். பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரிக் கம்பெனியில் முப்பது வருஷம் மோட்டார்களைப் பார்த்துக்கொண்டிருந்து ரிட்டையரானவர். அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. கேபிள்காரர் ரசீதிலேயே 'திரு. டெஸ்டர்' என்றுதான் எழுதிக் கொடுப்பார், அவரும் வாங்கி மடித்து வைத்துக்கொள்வார்.

சட்டைப் பையில் நாமெல்லாம் பேனா வைக்கிற இடத்தில் அவர் டெஸ்டர் வைத்திருப்பார். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத்தான் விசாரிப்பார். டெஸ்டரின் நுனியை அதன் மேல் வைத்து, பின்பக்கம் விரலை வைத்து, உள்ளே சிவப்பு விளக்கு எரியவில்லை என்று தெரிந்த பிறகுதான் 'சௌக்கியமா?' என்று கேட்பார். எரிந்தால் சௌக்கியமெல்லாம் கேட்க மாட்டார், நேராக மெயின் எங்கே இருக்கிறது என்று தேடுவார்.

ஒருமுறை தெருமுனை வீட்டில் ஒரு பெரியவர் காலமாகிவிட்டார். கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீசர் பாக்ஸில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். ஆபீஸ் போகிற வழியில் நானும் டையோடு போய் நின்றேன். டெஸ்டர் மாமா மாலை சாத்தினார், கண்ணை மூடிக் கும்பிட்டார், கும்பிட்ட கையோடு பையிலிருந்து டெஸ்டரை எடுத்துப் பெட்டியின் ஓரத்தில் வைத்தார். அடுத்த நொடி தெருவே அதிரக் கத்தினார்.

"பாடியில கரண்ட்டு இருக்கு! பாடியில கரண்ட்டு இருக்கு!"

அவர் சொன்னது பெட்டியின் பாடியை. அது அழுதுகொண்டிருந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? பெரியவரின் மூத்த மகள், "அய்யோ, அப்பாவுக்கு உசுரு இருக்காம்!" என்று பாய்ந்து வந்தார். யாரோ டாக்டரைக் கூப்பிடச் சொன்னார்கள். டை கட்டியிருந்த பாவத்துக்கு என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். நான் வேறு வழியில்லாமல் நாடி பார்க்கப் பெட்டியை நோக்கிக் கையை நீட்ட, மாமா என் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"தொடாத மாப்ள! அவுருக்கு இனிமே ஒண்ணும் ஆவாது, ஒனக்குத்தான் ஆவும்!"

பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் மூன்றாவது முள்ளே இல்லை, யாரோ உடைத்திருந்தார்கள். அதுவரை அந்தப் பெட்டியைத் தொட்டுத் தொட்டு அழுதவர்கள் எல்லாம் ஏன் அப்படிக் கையை உதறிக்கொண்டு அழுதார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

அந்த முள்ளை ஏன் உடைத்தார்கள் என்று கேட்டால், அங்கேதான் மாமாவின் வாழ்நாள் துக்கம் இருக்கிறது. நம் ஊரில் ஃப்ரிட்ஜைத் தொட்டுக் கையில் சுர்ரென்றால் என்ன சொல்கிறோம்? 'லேசா எர்த் அடிக்குது' என்கிறோம். ஷாக் என்றால் பெரிது, எர்த் என்றால் சின்னது என்று ஒரு கணக்கு. அந்த வார்த்தையைக் கேட்டால் போதும், மாமாவுக்கு ரத்தம் தலைக்கேறிவிடும்.

"எர்த் எங்கப்பா அடிக்குது? எர்த் அடிக்காது! அது இல்லாததனாலதான் அடிக்குது! கரண்ட்டு எங்கனா லீக் ஆச்சுன்னா, ஒன் ஒடம்புல பூந்துடாம அத வாங்கி மண்ணுல எறக்கி விடறதுதான் எர்த்து. உங்களக் காப்பாத்துறவன் பேரையே திருடன் பேரா மாத்தி வெச்சிருக்கீங்களேடா!"

இதைச் சொல்லும்போது அவர் கண்ணில் நீர் முட்டும். நாங்கள் 'ஆமா மாமா, ஆமா மாமா' என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள் போனதும் மறுபடி 'எர்த் அடிக்குது' என்றே சொல்வோம். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், எர்த் அடிக்கிறது என்பதால் எர்த் முள்ளை உடைத்துவிடுவார்கள். எங்கள் காம்பவுண்டில் இருந்த பிளக்குகளில் முக்கால்வாசிக்கு மூன்றாவது முள் கிடையாது.

காம்பவுண்டு மூலையில் முருங்கை மரத்தடியில் எங்கள் எல்லோருக்கும் பொதுவான எர்த் குழி இருந்தது. மண்ணுக்குள் ஒரு குழாய் இறங்கியிருக்கும், சுற்றிலும் உப்பும் கரியும் கொட்டியிருக்கும், பச்சை ஒயர் அதில் போய்ச் சேரும். மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது என்று, மாமா தினமும் விடிந்ததும் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு அதற்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். நான்காவது போர்ஷனுக்குப் புதிதாக வந்த குடும்பத்து மாமியார் இதை இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் குழாய்க்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டார். மாமா திட்டுவார் என்று நாங்கள் கதவிடுக்கில் காத்திருந்தோம். அவர் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நல்லதுதாம்மா, இனிமே எவனும் மிதிக்க மாட்டான்" என்றார். அன்றிலிருந்து அது குழாய்சாமி ஆனது.

இரண்டாவது போர்ஷனில் இருந்த ஸ்டெல்லா டீச்சர் ஒருநாள் பிளாஸ்டிக் பக்கெட்டில் ஹீட்டர் ராடைத் தொங்கவிட்டு, ஸ்விட்சைப் போட்டுவிட்டு, சர்ச்சுக்குப் போய்விட்டார். போகும்போது கரண்ட் இல்லை. அந்த வருஷங்களில் கரண்ட் போவதும் வருவதும் அதன் இஷ்டம்தானே. டீச்சர் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது கரண்ட் வந்து, தண்ணீர் கொதித்து வற்றி, பக்கெட்டும் உருகிவிட்டது. மாமா ஜன்னல் வழியாகப் புகையைப் பார்த்து மெயினை அணைத்ததால் வீடு பிழைத்தது. அந்த ரோஸ் கலர் பக்கெட் ஒரு பக்கம் வாய் கோணி, மறுபக்கம் நாக்குத் தள்ளி இருந்தது. மாமா அதைக் கயிற்றில் கட்டி, காம்பவுண்டு வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்குகிற இடத்தில் தொங்கவிட்டார். டீச்சர் அழாத குறையாகக் கெஞ்சியும் ஒரு வருஷம் வரை அவிழ்க்கவில்லை.

இப்படிப்பட்டவரிடம் நான் போய் மாட்டிக்கொண்டது 2008-ஆம் வருஷக் கடைசியில். அந்த வருஷம் புரட்டாசியில்தான் என் மனைவி கவிதாவுக்கு விருத்தாசலத்தில் அவள் அம்மா வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட குழந்தை. பச்சைத் தண்ணீர் படவே கூடாது, இளஞ்சூட்டில்தான் குளிப்பாட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்களிடம் இருந்தது ஒற்றை கேஸ் சிலிண்டர். சமையலுக்கே அது மாசக் கடைசியில் மூச்சு வாங்கும். என் மாமியார் விருத்தாசலத்திலிருந்து தினமும் போன் செய்வார்.

"வெந்நிக்கி வழி பண்ணிட்டீங்களா மாப்ள? இல்லன்னா புள்ள இங்கயே இருக்கட்டும்."

மூன்று மாதமாக வாரத்துக்கு ஒருமுறைதான் குழந்தையைப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் அது என்னை யாரோ மருந்து விற்க வந்தவன் என்பது போலவே பார்த்தது. பொறுக்க முடியாமல் ஒருநாள் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பிளாட்பாரக் கடையில் ஒரு ராடு வாங்கினேன். டெஸ்டர் மாமாவுக்குத் தெரியாமல் வீட்டுக்குள் கொண்டுபோக, முருங்கைக்கீரைக் கட்டுக்கு நடுவில் செருகி எடுத்து வந்தேன். வாசலில் உட்கார்ந்திருந்தவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"கீரைக்கி ஒயரு மொளச்சிருக்கு மாப்ள."

அவ்வளவுதான். ராடு அவர் கைக்குப் போனது. அதற்குப் பிளக்கே கிடையாது. இரண்டு ஒயர் மட்டும் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது.

"இத எப்புடி மாட்டுறதா உத்தேசம்?"

"ஓட்டையில வுட்டு, ரெண்டு தீக்குச்சி சொருவிட்டா நிக்கும்னு கடக்காரரு சொன்னாரு மாமா."

மாமா அந்த இரண்டு ஒயரையும் சேர்த்துச் சுருட்டினார். பிறகு மெதுவாக, "புள்ளைக்கி என்ன பேரு வெச்சிருக்க?" என்று கேட்டார். "நிலா" என்றேன். "நெலாவுக்கு இதுல வெந்நி போடுவியா?" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "நாளைக்கி சிதம்பரம் போறோம். நல்லதா ஒண்ணு பாத்து வாங்குவோம்" என்று எழுந்துவிட்டார்.

கடலூரில் கடையே இல்லையா என்று கேட்பீர்கள். கடைகள் இருந்தன, மாமாவைத்தான் அவர்கள் சேர்க்கவில்லை. லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடையில், கூட்டம் நிறைந்த பண்டிகை நேரத்தில், கடையின் ஷட்டரையே டெஸ்டரால் தொட்டுப் பார்த்து, "எல்லாரும் வெளிய போயிடுங்க, கடையில கரண்ட்டு!" என்று அறிவித்துவிட்டார். ஒரே நிமிடத்தில் கடை காலி. அதிலிருந்து அந்தத் தெருவில் அவர் தலை தெரிந்தால், 'ஸ்டாக் இல்ல' என்று அவர் வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுவார்கள்.

சிதம்பரத்துக்குக் கிளம்பும்போது கையில் ஒரு இரும்பு பக்கெட் வைத்திருந்தார். உள்ளே ஹோல்டரோடு ஒரு பல்ப், கொஞ்சம் ஒயர். கண்டக்டர் பக்கெட்டுக்கு லக்கேஜ் டிக்கெட் போடுவேன் என்றார். "அதுக்குள்ள நான் காலு வெச்சிக்கிறேன், அப்ப அது லக்கேஜா, செருப்பா?" என்று மாமா கேட்டார். ஆலப்பாக்கம் தாண்டும் வரை வாதம் நடந்து, கடைசியில் கண்டக்டர் அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிட்டார்.

கீழ வீதியில் ஒரு கடை. முதலாளி விபூதி பூசிய சாந்தமான மனிதர். என் கெட்ட நேரம், அவருடைய கெட்ட நேரம், முதலில் அவர் காட்டியது அறையைச் சூடாக்குகிற ரூம் ஹீட்டர். எந்த ஊருக்கோ போக வேண்டியது தவறி இவர் கடைக்கு வந்து, பல வருஷமாகப் பரணில் கிடக்கிறதாம்.

"செதம்பரத்துல ரூம் ஹீட்டரா? சித்திர மாசம் வந்தா ரூமே ஹீட்டர்தான?" என்றார் மாமா. முதலாளியே சிரித்துவிட்டார். பாவம், அதோடு அவர் சிரிப்பு முடிந்தது.

மாமா ராடுகளை வாங்கி ஒவ்வொன்றாகக் கையில் தூக்கி எடை பார்த்தார். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, ஒயர் எவ்வளவு தடி, பிளக்கில் மூன்று முள்ளும் இருக்கிறதா, எதுவரை தண்ணீரில் முங்க வேண்டும் என்று கோடு போட்டிருக்கிறதா என்று பார்த்தார். "இது ஒயரு நூலாட்டம் இருக்கு, சூடு தாங்காது." "இதுல கோடு இல்ல, எவனாவது கைப்புடி வரைக்கும் முக்கிடுவான்." பிறகு பக்கெட்டில் தண்ணீர் கேட்டார். நான்கு ராடுகளைக் கடையிலேயே ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவைத்து, ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் டெஸ்டரை விட்டுப் பார்த்தார்.

"அய்யா, நனஞ்ச ஹீட்டர நான் வேற யாருக்குங்க விக்கறது?" என்று முதலாளி கைகூப்பினார்.

"விக்காதீங்க. அந்த மூணையும் திருப்பி அனுப்புங்க. உங்களுக்குப் புண்ணியம்."

நான்காவது ராடு தேறியது. முதலாளி அந்த வெந்நீரில் முகம் கழுவிக்கொண்டார். வெளியே வந்ததும், இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், நடராஜரைத் தரிசித்துவிட்டுப் போகலாமே என்றேன். மாமா கோபுரத்தைப் பார்த்து அங்கேயே நின்று ஒரு கும்பிடு போட்டார்.

"இவுரு ஆகாயம் மாப்ள. நம்ம கேசு மண்ணு. எர்த்து காஞ்சிபுரத்துலல்ல இருக்காரு!"

ஊர் திரும்பியதும் எங்கள் குளியலறைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன பிளக் பாயிண்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஹீட்டருக்கென்று பெரிய பவர் பாயிண்ட் மாட்டினார். பச்சை ஒயரை இழுத்து முறுக்கிப் பார்த்தார். கதவில் அட்டை ஒட்டினார். அதில் கொட்டை எழுத்தில் மூன்றே வார்த்தை: 'ஆஃப், புடுங்கு, எடு'. அதாவது தண்ணீர் சுட்டதும் முதலில் ஸ்விட்சை அணை, பிறகு பிளக்கைப் பிடுங்கு, அதற்குப் பிறகுதான் ராடையோ தண்ணீரையோ தொடலாம். கீழே சின்னதாக, 'சுட்டுதான்னு கை வுட்டுப் பாக்காதே' என்று ஒரு பின்குறிப்பு.

"ஆஃப் பண்ணியாச்சுன்னா அப்பறம் எதுக்கு மாமா புடுங்கணும்?" என்று கேட்டேன்.

"ஸ்விட்ச்சு ஒரு ஒயரத்தான் வெட்டும். மத்த ரெண்டும் வெட்டாம அப்புடியேதான் இருக்கும். அதுல எவன் என்னா பண்ணி வெச்சிருப்பான்னு ஒனக்குத் தெரியுமா?"

"ஒண்ணு எர்த்தாச்சே மாமா. எர்த்தக்கூடவா நம்பக் கூடாது?"

"எர்த்த நம்பலாம் மாப்ள. மனுசன நம்ப முடியாது."

கவிதா குழந்தையோடு வந்து இறங்கிய அன்று, ஸ்டெல்லா டீச்சர் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றார். அவருக்கும் முன்னால் டெஸ்டர் மாமா நின்றார். "சொல்லும்மா, வெந்நி சுட்டுடுச்சு. மொதல்ல என்னா பண்ணுவ?" கவிதா என்னைப் பார்த்தாள். நான் வாயசைத்தேன். "ஆஃப், புடுங்கு, எடு" என்று அவள் மூன்று தரம் சொன்ன பிறகுதான் ஆரத்தி சுற்ற வழி விட்டார். ஆனால் கவிதா அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. தினமும் காலையில் குளியலறையிலிருந்து ஏதோ மந்திரம் போல அவள் சத்தமாகச் சொல்வது கேட்கும். ஆஃப். புடுங்கு. எடு. நான்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

தை மாதம் மாமாவின் தங்கை பேத்திக்குப் பண்ருட்டியில் காதுகுத்து. நான்கு நாள் இருக்க வேண்டியிருக்கும் என்று, போகும்போது குடத்தை என்னிடம் கொடுத்தார். "தெனம் ஒரு கொடம் மாப்ள. மறந்துடாத. மழ நின்னு மண்ணு காஞ்சி கெடக்கு."

நான் மறந்தேன் என்று சொன்னால் பொய். முதல் நாள் குடத்தோடு போனேன். நான்காவது போர்ஷன் மாமியார், "வாங்க பூசாரி!" என்றார். டை கட்டுகிறவனுக்கு ஒரு மானம் இருக்கிறதே என்று திரும்பி வந்துவிட்டேன். அடுத்த நாட்களில் குடத்தைத் தொடவேயில்லை.

நான்காம் நாள் மாடியில் ஹவுஸ் ஓனருக்குக் குழாயைத் திறக்கும்போது கையில் சுர்ரென்றது. மூட்டுவலிக்காக அவர் பெரிய கீசர் ஒன்று வைத்திருந்தார். அது உள்ளுக்குள் லீக் ஆகியிருக்கிறது. அந்த லீக்கை அதுவரை குழாய்சாமி சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டிருந்தார். மண் காய்ந்ததும் அவரால் முடியவில்லை. கரண்ட் லீக் ஆனால் தானாகவே விழுந்துவிடுகிற ஸ்விட்ச் ஒன்று மாட்டுங்கள் என்று இரண்டு வருஷமாக மாமா ஓனரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். "வீடே விழுவுற மாதிரி இருக்கு, இதுல ஸ்விட்ச்சு வேற விழணுமா?" என்பது ஓனரின் பதில்.

ஓனர் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தார். "எர்த் அடிக்குதுப்பா" என்றார். "எர்த் அடிக்குதுன்னா எர்த்த எடுத்துட்டா சரியாப்பூடும் சார்" என்றான் அந்த மகானுபாவன். நேராக முருங்கை மரத்தடிக்குப் போய், பச்சை ஒயரைக் குழாயிலிருந்து வெட்டிவிட்டான். பைக் நிறுத்த இடம் ஆகட்டும் என்று ஓனர் அந்தக் குழியின் மேலேயே சிமெண்டும் பூசச் சொல்லிவிட்டார். மேலே போய்க் குழாயைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"இப்ப அடிக்குதா சார்?"

"அடிக்கலியே! கைகாரன்தாம்ப்பா நீ!"

எப்படி அடிக்கும்? அப்போது கரண்ட் கட். இந்த விஷயம் இருவருக்குமே தோன்றவில்லை. ஓனர் கீசர் ஸ்விட்சை அணைக்காமலேயே, குடும்பத்தோடு திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போய் இரவு அங்கேயே தங்கிவிட்டார். நான் அன்று முழுக்கச் சிதம்பரத்தில் டாக்டர்களின் வாசல்களில் இருந்தேன். திரும்பி வந்து புதுச் சிமெண்டைப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றுகிற வேலை ஒழிந்தது என்று நிம்மதியாகப் படுத்தேன்.

மறுநாள் காலை நான் ஷேவ் செய்துகொண்டிருந்தேன். கவிதா நிலாவைக் குளிப்பாட்டித் துண்டில் சுற்றிச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் மாமாவின் குரல் கேட்டது. முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார், கையில் பலகாரப் பை. குழாய்சாமி இருந்த இடத்தில் சிமெண்டைப் பார்த்தவர், பலகாரத்தை அப்படியே போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்குள் ஓடி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஹீட்டர் பாயிண்ட்டின் ஸ்விட்ச் அணைந்திருந்தது. அதன் மூன்றாவது ஓட்டையில் டெஸ்டரைச் செருகினார். அணைந்திருக்கிற ஸ்விட்ச், எர்த் ஓட்டை. டெஸ்டரில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

மாமா படிக்கட்டுக்கு அடியில் இருந்த மீட்டர்களிடம் ஓடி, மாடி வீட்டு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினார். திரும்பி வந்து மறுபடி செருகினார். இப்போது எரியவில்லை. எனக்குப் பாதி முகத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. மாடி கீசரின் கரண்ட் மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல், பச்சை ஒயர் வழியாகவே எங்கள் வீட்டு மூன்றாவது ஓட்டைக்கு வந்து நின்றிருக்கிறது. மற்ற இரண்டு போர்ஷன்களிலும் எல்லோரும் மூன்றாவது முள்ளை உடைத்துவிட்டதால் அங்கே ஒன்றும் ஆகவில்லை. பூட்டிக் கிடந்த மாமாவின் வீட்டை விட்டால், மூன்று முள்ளும் ஒழுங்காக இருந்த ஒரே வீடு எங்களுடையது. ஸ்விட்சை மட்டும் அணைத்துவிட்டுத் தண்ணீரில் கையை விட்டிருந்தால்... அந்த வாக்கியத்தை இன்று வரை என்னால் முடிக்க முடியவில்லை.

மாமா கவிதாவைப் பார்த்தார்.

"கொளந்தைக்கி ஊத்திட்டியாம்மா?"

"ஊத்திட்டேன் மாமா."

"புடுங்கினியா?"

"புடுங்கிட்டுத்தான் எடுத்தேன் மாமா. தெனமும் அப்புடித்தான்."

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யார் வீட்டிலும் ஃப்ரிட்ஜைப் பார்க்காமல் உட்காராதவர். டெஸ்டரைப் பையில் வைக்கப் பார்த்தார். அது பைக்கு வெளியே நழுவிக் கீழே விழுந்து உருண்டது.

"எம் பேச்சக் கேக்காதவன் எல்லாம் தப்பிச்சிட்டாம்மா. மூணு முள்ளு வேணும்னு நான் சொன்னதக் கேட்டது ஒரே ஒரு வீடு. அந்த வீட்டுக்கே எமனக் கொண்டாந்து வுட்டுட்டேனே..."

அவ்வளவு பெரிய மனிதர் அழுவதை நான் எதிர்பார்க்கவில்லை. தண்ணீர் ஊற்றாதது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன், முகத்து நுரையை மட்டும் துடைத்துக்கொண்டேன். கவிதாதான் பேசினாள். துண்டில் சுற்றிய குழந்தையை அவர் மடியில் வைத்தாள்.

"பாதிப் பேச்சக் கேட்டிருந்தாத்தான் ஆபத்து மாமா. நாங்க முழுப் பேச்சையும் கேட்டோமில்ல?"

நிலா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சட்டைப் பையில் டெஸ்டர் இருக்க வேண்டிய இடத்தைக் கையால் பிடித்து இழுத்தாள். மாமா அழுதுகொண்டே சிரித்தார். அன்றைக்குத்தான் நான் குடத்து விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "வெக்கமா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். "எனக்கும் மொதல்ல அப்புடித்தான் இருந்துச்சு" என்றார்.

ஓனர் மத்தியானம் கல்யாணச் சாப்பாட்டுக் களைப்போடு வந்தார். "எர்த் அடிச்சுது, எடுத்தோம். நின்னுப்போச்சே?" என்றார். "அப்ப கரண்ட்டே இல்லியே ஓனரே!" என்று மாமா போட்ட சத்தத்தில் முருங்கை மரத்துக் காக்கைகள் பறந்தன. அந்த வாரமே சிமெண்ட் உடைபட்டது, பழைய கீசர் இறங்கியது, லீக் ஆனால் விழுகிற ஸ்விட்ச் ஏறியது. நான்காவது போர்ஷன் மாமியார் குழாய்சாமிக்குப் பொங்கல் வைத்தார். ஸ்டெல்லா டீச்சர் தன் பிளக்குகளை எல்லாம் மாற்றினார், பதிலுக்கு ரோஸ் பக்கெட் இறக்கப்பட்டது.

2012-இல் சிதம்பரத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போனோம். கிரகப்பிரவேசத்துக்கு மாமா வந்தார், நேராகத் தோட்டத்தில் எர்த் குழியைப் பார்த்துவிட்டுத்தான் ஹோமத்துக்கே வந்தார். நிலா அப்போது எல்.கே.ஜி. போய்க்கொண்டிருந்தாள். அந்த மாதம் பள்ளிக்கூடத்தில் டீச்சர், "எர்த்னா என்ன?" என்று கேட்டிருக்கிறார். மற்ற பிள்ளைகள் உருண்டை, நீலம் என்று என்னென்னவோ சொல்ல, இவள் எழுந்து, "எர்த் அடிக்காது மிஸ், காப்பாத்தும்" என்றாளாம். டைரியில் டீச்சர் அதை எழுதிக் கேள்விக்குறி போட்டு அனுப்பியிருந்தார். அந்தப் பக்கத்தை மாமா ஜெராக்ஸ் எடுத்து, டெஸ்டர் வைக்கிற பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

அவர் இப்போது இல்லை. எங்கள் வீட்டு எர்த் குழிக்கு நான் தினமும் விடிந்ததும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன். மழைநாளிலும் ஊற்றுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் நான் ஏதோ சாமி கும்பிடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் இல்லையென்று சொல்வதில்லை.